எழுதியவர் மறைந்தார், எழுத்தையுமா மறையவிடுவது?



"இணையத்தில் ஏற்றியாகிவிட்டது, இனி அழியாது" என்று கூறுவோரை ஆசிரியர் பயிலரங்குகளில் காண்கிறேன், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் காண்கிறேன். கல்வெட்டைப் போல இணைய எழுத்தும் நின்று நிலைக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. இந்த நம்பிக்கை பொய்யானது, தீங்கானதும்கூட. ஏனெனில், இதை நம்பித்தான் நாம் எதையும் எடுத்து வைக்காமல் இருக்கிறோம். எழுதியவர் மறைந்தபின் இரங்கல் கூட்டம் கூட்டுகிறோம். படத்துக்கு மாலை இடுகிறோம். "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று பேசிவிட்டு வீடு திரும்புகிறோம். அவருடைய எழுத்து எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, நாளை இருக்குமா என்று கேட்பார் எவருமில்லை.

இதைப் பற்றிச் சற்று வெளிப்படையாகவே எழுதத் துணிந்தேன். மனம் நோகுமானால் பொறுத்தருள்க.

சுங்கைப்பட்டாணி மருத்துவர்

நம் நாட்டுச் சான்றையே எடுத்துக்கொள்வோம். கெடா மாநிலத்தின் சுங்கைப்பட்டாணியில் வாழ்ந்தவர் மருத்துவர் ஜெயபாரதி. தொழிலால் மருத்துவர், வேட்கையால் தமிழறிஞர். வரலாறு, இலக்கியம், சித்தர் மரபு, சோதிடம், பழந்தமிழர் கணக்கு எனப் பல துறைகளில் இணையத்தில் எழுதிக் குவித்தவர். யாகூ நிறுவனம் அளித்த இடத்தில் 'அகத்தியர்' என்னும் மடலாடற்குழுவை நிறுவி நடத்தினார். உலகின் பல மூலைகளிலிருந்தும் தமிழன்பர்கள் அதில் வினா எழுப்பினர். அவர் விடை எழுதினார். இராசேந்திர சோழன் வென்ற கடாரத்தைப் பற்றி நாம் பாடநூலில் படிக்கிறோம். அந்தக் கடார மண்ணிலேயே வாழ்ந்துகொண்டு அதன் வரலாற்றை எழுதியவர் அவர்.

2015-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 2019 அக்டோபரில், தன் குழுக்களில் உள்ளவற்றையெல்லாம் நீக்கப்போவதாக யாகூ அறிவித்தது. அக்டோபர் 28 முதல் புதிதாக எதையும் ஏற்ற இயலாது. டிசம்பர் 14 முதல் பழையவை நீக்கப்படும் என்றது. தத்தம் படிகளைக் கேட்டுப் பெறுவதற்கான காலத்தைப் பின்னர் 2020 சனவரி 31 வரை நீட்டித்தது. 2020 டிசம்பர் 15 அன்று அந்தச் சேவையையே மூடிவிட்டது.

கேட்டவர்க்குப் படி கிடைக்கும் என்றார்கள். எழுதியவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தம் எழுத்தைக் கேட்டு வாங்க அவர் எழுந்து வர முடியுமா? கேட்டிருக்க வேண்டியவர்கள் படித்துப் பயன்பெற்றவர்கள். யார் யார் தம் கணினியில் எவ்வளவு சேமித்தார்களோ, அவ்வளவே அந்தக் குழுவின் மிச்சம். வாசகன் விழித்திருந்த அளவுக்குத்தான் எழுத்தாளன் எஞ்சுகிறான்.

இது முதல்முறை நடந்ததுமன்று. 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது, இலவசமாகக் கிடைத்த அந்த இடத்தில் உலகமெங்கும் பொதுமக்கள் ஆசையாக அமைத்திருந்த பக்கங்கள் ஒரே வீச்சில் போயின. தன்னார்வலர்கள் சிலர் இரவுபகலாக உழைத்து அள்ளியதால் பெரும்பகுதி பிழைத்தது. அள்ளியவர்கள் அந்த நிறுவனத்தாரும் அல்லர். எழுதியவர்களின் உறவினரும் அல்லர்.

நாம் குடியிருப்பது லயத்து வீட்டில்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க நெடிய உரை தேவையில்லை. லயத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்திருப்போம். வாசலில் முருங்கை நட்டிருப்போம். சுவரில் சாமிப்படம் மாட்டியிருப்போம். ஆனாலும் வீடு தோட்டத்துக்குரியது. தோட்டம் கைமாறியபோதும் துண்டாடப்பட்டபோதும் 'வீட்டைக் காலி செய்' என்று கடிதம் வந்தது. எடுத்துக்கொண்டு போனது மட்டுமே நமக்கு மிஞ்சியது.

இணையத்திலும் நாம் லயத்து வீட்டில்தான் குடியிருக்கிறோம். முகநூல் நம்முடையதன்று. இலவசமாகக் கிடைக்கும் எந்தப் பக்கமும் நம்முடையதன்று. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனியாள் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023 மே மாதம் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. இறந்தவர் தம் கணக்கைப் பயன்படுத்துவதில்லை என்பதை எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

நமக்கே நடந்தது ஒன்று உண்டு. பள்ளிகளில் நாம் பயன்படுத்திய 'ஃபுரோக்' மெய்நிகர் கற்றல் தளம் 2019-ஆம் ஆண்டின் நடுப்பகுதியோடு முடிவுக்கு வந்து, கூகுள் வகுப்பறை அதன் இடத்தைப் பிடித்தது. அதில் ஏற்றிய பயிற்றிகளில் எத்தனையை நாம் வேறிடத்துக்குக் கொண்டு சென்றோம் என்று ஒவ்வோர் ஆசிரியரும் தம்மைக் கேட்டுப் பார்க்கட்டும். நம் உழைப்புக்கே இந்தக் கதி என்றால், மறைந்துபோன ஒருவரின் எழுத்துக்கு யார் காவல்?

கேட்கப்படும் நான்கு கேள்விகள்

இதைப் பேசத் தொடங்கினால் நான்கு மறுப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: "நல்ல எழுத்து தானாகவே வாழும்."

வாழாது ஐயா! ஓலைச்சுவடியின் ஆயுள் சில நூறு ஆண்டுகளே. சங்க இலக்கியம் நம் கைக்கு வந்ததற்குக் காரணம், பெயர் தெரியாத எத்தனையோ பேர் தலைமுறைதோறும் அமர்ந்து படியெடுத்ததே. படியெடுக்க ஆளில்லாத நூல்கள் பெயரளவில் நிற்கின்றன. பெயரும் அழிந்தவை எத்தனையோ! உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும், 1898-இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். அவர் ஊர் ஊராக அலைந்தபோது தேடிக் கண்டெடுக்க ஏதோ ஒரு வீட்டுப் பரணில் ஓலை இருந்தது. பாரதி 1921-இல் மறைந்தார். சக்திதாசன், காளிதாசன், ஷெல்லிதாசன் எனப் பல பெயர்களில் அவர் எழுதியவை இதழ்களில் சிதறிக் கிடந்தன. சீனி. விசுவநாதன் தம் வாழ்நாளையே செலவிட்டுக் காலவரிசையில் அவற்றைத் தொகுத்தார். அத்தொகுப்பு 23 தொகுதிகளாக நிறைவுற்றது. அவர் தேடிச் சென்றபோது பழைய இதழ்கள் எங்கோ ஒரு நூலக அடுக்கில் தூசு படிந்தேனும் கிடந்தன. இணைய எழுத்துக்குப் பரணும் இல்லை, தூசு படிந்த அடுக்கும் இல்லை. வழங்கியைப் பராமரிப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால், தேடிப் போக இடமே இருக்காது.

இரண்டாவது: "அது குடும்பத்தாரின் பொறுப்பு."

சட்டப்படி உரிமை அவர்களுடையதுதான். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதியவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 50 ஆண்டுகளும் அவ்வுரிமை நீடிக்கும். ஆனால், உரிமை இருப்பதாலேயே அக்கறையும் வாய்ப்பும் அமைந்துவிடுமா? தந்தை எழுதியது எத்தனை பக்கம், எந்தப் பெயரில், எந்தக் கடவுச்சொல்லில் என்று பிள்ளைகளுக்குத் தெரியாத வீடுகளே மிகுதி. துக்க வீட்டில் முதலில் தேடப்படுவது வங்கிப் புத்தகம், எழுத்தன்று. அதில் குற்றமும் இல்லை. ஆனால், அந்த எழுத்தால் பயனடைந்த நாம் விலகி நின்று குடும்பத்தைக் கைகாட்டுவதில் குற்றம் உண்டு.

மூன்றாவது: "இணையத்தில் எழுதுவதெல்லாம் எழுத்தா?"

அச்சில் வந்தவர்தான் எழுத்தாளர் என்னும் செருக்கு நம் இலக்கிய வட்டங்களில் இன்னும் மாளவில்லை. நூல் போடப் பணம் வேண்டும். வெளியீட்டு விழாவுக்குத் தலைவர் வேண்டும். தோட்டத்துப் பிள்ளை ஒருவர் தம் பாட்டன் கதையை எழுத இரண்டும் வேண்டாத இடமாக வாய்த்ததுதான் இணையம். அங்கே குப்பையும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். குப்பை இல்லாத அச்சகம் எது?

நான்காவது மறுப்பு மற்றவற்றைவிடக் கனமானது: "அவரே மறைய விரும்பியிருந்தால்?"

இதை நான் எள்ளி ஒதுக்கமாட்டேன். தாம் எழுதியதைத் தாமே திரும்பப் பெறும் உரிமை எழுத்தாளனுக்கு உண்டு. ஒருவர் தம் கையால் நீக்கியதை நாம் மறுபடியும் ஊரறிய வெளியிடுவது முறையன்று. ஆனால், நீக்கியவர் வேறு, நின்றுபோனவர் வேறு. நோயாலோ, வறுமையாலோ, மறைவாலோ எழுத்து நின்று, பின்னர் தளமே மூடப்பட்டால் அது அவர் விருப்பமாகாது. மேலும், சேமித்தல் வேறு, வெளியிடுதல் வேறு. வாசிப்புக்காக ஒரு படியை எடுத்துப் பூட்டி வைப்பதால் யாருக்கும் தீங்கில்லை. வெளியிடலாமா என்பதை அவரிடமோ அவர் வழிவந்தவரிடமோ பின்னர் கேட்டுக்கொள்ளலாம். படியே இல்லாமற் போனால், கேட்பதற்கு என்ன இருக்கிறது?

வகுப்பறையில் எஞ்சிய தாள்கள்

எங்கள் மலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திரிங்காப்பைச் சுற்றி இன்று கண்ணிற்படுவன காய்கறித் தோட்டங்கள். சற்றே வடக்கே புளூவேலி, தெற்கே சுங்கை பாலாஸ் எனத் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. அங்கெல்லாம் நம் பாட்டிமார் கொழுந்து கிள்ளினர். இன்று அதே மலைச்சரிவுகளில் அயல்நாட்டுத் தொழிலாளரே மிகுதி. பெரட்டு, தண்டல், கிராணி, ஆயாக் கொட்டகை என்னும் சொற்களை என் மாணவர்கள் என் வாயிலிருந்துதான் முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்று தம்மைக் குறிப்பிட்டுக்கொண்ட ஒருவர், சில காலம் புனைபெயரில் இணையத்தில் எழுதி வந்தார். விடியுமுன் பனியில் பெரட்டுக்கு நிற்பது, கூடை நிறுக்கும்போது தாயார் முகம் மாறுவது, கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரி வந்தபோது பெண்கள் பேசிக்கொண்டது என்று எழுதினார். ஆராய்ச்சி நூல்களில் கூலிக் கணக்கு கிடைக்கும். தாயார் முகம் கிடைக்காது. ஒருநாள் அவர் எழுதுவது நின்றது. பிறகு பக்கமே திறக்கவில்லை. அவர் யார், எங்கிருக்கிறார், இருக்கிறாரா என்பது எனக்குத் தெரிந்த எவருக்கும் தெரியவில்லை.

பாடத்துக்காக அவ்வப்போது நான் அச்சிட்டு வைத்த தாள்கள் உள்ளன. அவர் புனைபெயரும் நாளும் ஒவ்வொரு தாளின் தலையிலும் உள்ளன. இந்த மலையின் ஈரத்தில் தாளில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் நெகிழி உறையிட்டுக் காக்கிறேன். "இந்த ஐயா இப்ப எங்க சார்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். விடையில்லை. ஆயினும், அவர் சொன்னதைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரு வகுப்புக்கு இது இயலுமென்றால் ஒரு சமுதாயத்துக்கு இயலாதா?

பெயரைப் பறிக்கும் கைகள்

எழுத்து அழிவதைவிட என்னை மிகுதியாகச் சினமூட்டுவது வேறொன்று. 'படித்ததில் பிடித்தது' என்று தலைப்பிட்டுப் புலனத்தில் நாளும் நூறு பகிர்வுகள் வருகின்றன. நல்ல கட்டுரைகளும் அவற்றில் உண்டு. எழுதியவர் பெயர் மட்டும் இராது. யாரோ ஒருவர் வெட்டியெடுத்தார். அடுத்தவர் முன்னுரையை நீக்கினார். மூன்றாமவர் தம் வாழ்த்தைச் சேர்த்தார். நான்காம் கையில் அது ஆளற்ற சொத்து. ஆசிரியர்களாகிய நம்மில் சிலரும் அப்படியே அச்சிட்டுப் பயிற்றித் தாளாக்குகிறோம். எழுத்து எஞ்சியிருக்கிறதே என்று இதற்குச் சமாதானம் சொல்வோரும் உளர்.

நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குறுந்தொகையைத் தொகுத்தபோது சில பாடல்களைப் பாடியவர் பெயர் தொகுத்தவர்க்குக் கிட்டவில்லை. பெயரில்லை என்று பாடலை எறிந்துவிடவும் இல்லை. ஆளில்லாப் பாடலாக அலையவிடவும் இல்லை. பாடலில் ஒளிர்ந்த தொடரையே எடுத்துப் பாடியவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார் அப்படி வந்தவர். குப்பைக்கோழியார் அப்படி வந்தவர். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினாரும் அப்படி வந்தவரே. இரண்டாயிரம் ஆண்டுகளாக அவர்கள் நம் நாவில் வாழ்கிறார்கள்.

பெயர் தெரியாத புலவனுக்குப் பெயர் சூட்டிய மரபில் வந்த நாம், பெயர் தெரிந்த எழுத்தாளனின் பெயரைக் கத்தரிக்கிறோம். இதைவிட வெட்கம் வேறுண்டா?

காப்பது என்றால் என்ன என்பதை இதிலிருந்து வரையறுக்கலாம். எழுத்து முழுமையாக இருக்க வேண்டும். எழுதியவர் பெயரோ புனைபெயரோ உடன் இருக்க வேண்டும். எழுதிய நாளும், எங்கே எழுதினார் என்பதும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது அரைகுறைக் காப்பே.

என்ன செய்யலாம்?

குறை சொல்லி முடிப்பது எளிது. வழியும் சொல்ல வேண்டும் அல்லவா?

1. ஒரு பள்ளிக்கு ஓர் எழுத்தாளர். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்தோடு தொடர்புடைய இணைய எழுத்தாளர் ஒருவரைத் தத்தெடுக்கட்டும். பள்ளி வளமையத்தில் அவருக்கென ஒரு கோப்பு; அவ்வளவே. ஐந்நூறு பேர் பிழைப்பார்கள்.

2. இருக்கும்போதே கேளுங்கள். "என் எழுத்தைச் சேமிக்கவும், கற்பித்தலுக்குப் பயன்படுத்தவும் இசைகிறேன்" என்று கையொப்பமிட்ட ஒரு பத்தி போதும். மறைந்தபின் இதைப் பெற வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். புனைபெயரில் எழுதியவராயின், யாரைத் தேடுவது?

3. எழுத்துருவைக் கவனியுங்கள். ஒருங்குறி பரவுமுன் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவையும் குறியீட்டு முறையையும் வைத்திருந்தது. அக்காலக் கோப்பு நம்மிடம் இருந்தாலும், உரிய எழுத்துரு இல்லையேல் திரையில் தெரிவது புரியாத கிறுக்கல்தான். பழைய கோப்பு வைத்திருப்போர் இப்பொழுதே ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மூலக் கோப்பையும் எறியாதீர்கள்.

4. மூன்று இடங்களில் வையுங்கள். ஒன்று பள்ளிக் கணினியில், ஒன்று வேறு ஊரிலுள்ள ஒருவரின் வன்தட்டில், ஒன்று தாளில். விரலி மட்டும் போதாது. அது தொலையும், பழுதாகும். 'இணைய ஆவணகம்' தானே எடுத்து வைத்திருக்கும் என்று இருந்துவிடவும் கூடாது. அது 1996 முதல் அரும்பணி ஆற்றிவருவது உண்மை. ஆயினும், உறுப்பினர்க்கு மட்டுமே திறக்கும் பக்கங்கள் அதன் கைக்கு எளிதில் எட்டுவதில்லை.

5. இசைவு கிடைத்தால் சிறு நூலாக்குங்கள். நம் நாட்டின் 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, அச்சிட்ட நூலின் 5 படிகள் தேசிய நூலகத்துக்குச் சேர வேண்டும். நாற்பது பக்கச் சிறுநூலாயினும் அங்கே அதற்கு ஓர் இடம் உண்டு.

6. எழுதுகின்றவர்களுக்கு ஒரு சொல். உங்கள் கணக்கு செயலற்றுப்போனால் யாரிடம் செல்ல வேண்டும் என்று கூகுளில் முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி 2013 முதல் உள்ளது. முகநூலிலும் 2015 முதல் அத்தகைய ஏற்பாடு உண்டு. இன்றிரவே பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

7. பெயரில்லாப் பகிர்வை நிறுத்துங்கள். எழுதியவர் யாரென்று தேடுங்கள். கிடைக்காவிடில், 'எழுதியவர் பெயர் கிட்டவில்லை' என்றாவது ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள்.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, இதையெல்லாம் யார் செய்வது?" என்று சிலர் கேட்கக்கூடும். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிவைக்க, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் தட்டச்சுச் செய்தே பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினர். ஈழத்து எழுத்துகளுக்கு 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தன்னார்வலர்களால் எழுந்ததே. அவர்களும் வேலைக்குப் போனவர்கள். பிள்ளை குட்டி உடையவர்கள். அவர்களுக்குக் கிடைத்த நேரம் நமக்குக் கிடைக்காதா?

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கலாம். மாமாவோ அத்தையோ இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் தோட்டத்துக் கதையை எழுதி, இருபது பேர் விருப்பக்குறி இட்டதில் மகிழ்ந்துபோய் உறங்கச் சென்றிருக்கலாம். அவரை ஏளனம் செய்யாதீர்கள். அதை ஒரு படி எடுத்து வையுங்கள், மேலே அவர் பெயரை எழுதுங்கள், நாளையும் இடுங்கள்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்: "நம் பள்ளி யாருடைய எழுத்தைக் காக்கப் போகிறது?" விடையாக ஒரு பெயர் வரும்வரை கூட்டத்தைக் கலைக்காதீர்கள்.

வாழ்க தமிழ்!